ஆம்பூர் முதல் வேலூர் வரை 418 காலடி

இந்தப் பதிவு இடுப்பு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்காக. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வேலூருக்கு செக்கப் போகிறவர்களுக்கு உபயோகப்படும். மற்றவர்களும் படிக்கலாம். ஏலகிரி, ஜலகாம்பாறை என்று குளுகுளு படங்களை எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும், இது ஒரு பயந்தாங்கொள்ளியின் ஒருநாள் பயணம்.

போன மாதம், 2008 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். காரணம் ஒரு சத்தம். அதற்கு மூன்று வாரம் முன்னால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெஞ்சிலிருந்து எழுந்தபோது என் வலது இடுப்பு 'டொக்' என்றது. வலி ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற என் மனைவி எஸ்தருக்கே கேட்டுவிட்டது. "இன்னாங்க அது, பெஞ்சா?" என்றாள். பெஞ்சு என்றே சொல்லிவைத்தேன். மறுநாள் நாற்காலியிலிருந்து எழுந்தால் டொக், கட்டிலில் புரண்டால் டொக். பயந்துவிட்டேன்.

ஏன் அவ்வளவு பயம் என்று சொல்லவேண்டும். 1999-ல், எனக்கு நாற்பத்து நாலு வயதில், வலது தொடை எலும்பின் தலை ரத்த ஓட்டம் இல்லாமல் உளுத்துப்போய்விட்டது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டு ஒரு உலோகக் குண்டும், அது உட்கார்ந்து சுழல ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரிடம், இது எத்தனை நாள் வரும் என்று கேட்டேன். ஆளைப் பொறுத்தது, பதினைந்து வருஷம் வரலாம் என்றார். குண்டு உரச உரச கிண்ணம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சாதாரண ஆள் ஒருவன் வருஷத்துக்குப் பத்து இருபது லட்சம் அடி வைக்கிறான் என்றும் சொன்னார். கடைசியாக, நன்றாக நடங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அது மட்டும் என் காதில் ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் என் தொழில். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டெஸ்டிங் லேப்பில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். சோல் தேய்மானம் பார்ப்பது என் வேலை. உப்புத்தாள் மாதிரியான எமரி பேப்பர் சுற்றிய ஒரு உருளை சுழலும். அதன்மேல் சோலிலிருந்து வெட்டிய ஒரு சின்ன ரப்பர் துண்டை அழுத்தி ஓட்டுவோம். முன்னால் எவ்வளவு எடை, பின்னால் எவ்வளவு எடை, வித்தியாசம் எவ்வளவு, அதுதான் தேய்மானம். ஜாஸ்தி ஓட்டினால் ஜாஸ்தி தேயும், கம்மியாக ஓட்டினால் கம்மியாகத் தேயும். இதையே தினமும் பார்க்கிறவனிடம் உன் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் இருக்கிறது, அது தேயும் என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? ஓட்டத்தைக் குறைப்பான். நானும் குறைத்தேன்.

பேக்கிங் செக்‌ஷனில் ஜோடி எண்ணுவதற்கு ஒரு கை கவுண்டர் வைத்திருப்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஸ்டீல் உருண்டை, மேலே ஒரு பொத்தான், கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு எண் கூடும். அதில் ஒன்று வாங்கி பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஒரு அடிக்கு ஒரு 'டிக்'. ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு அடி, அதற்கு மேல் கிடையாது. அப்படி இருந்தால் பதினைந்து வருஷம் வருவது நாற்பது வருஷம் வரும் என்பது என் கணக்கு. எங்க வீட்டு ஆளு காசுல தாராளம், கால்லதான் கஞ்சன் என்று எஸ்தர் தான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரிப்பாளாம். டீச்சர்கள் கூட்டத்தில் என் மானம் ஒன்பது வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

மாடி ஏறுவதில்லை. மார்க்கெட் போவதில்லை. சாயங்காலம் எஸ்தர் மட்டும் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவாள். 2005-ல் எங்கள் ஒரே மகள் ஜெனியின் கல்யாணம். எங்கள் வழக்கப்படி பெண்ணை அப்பாதான் கைபிடித்து சர்ச் வாசலிலிருந்து முன்னால் இருக்கும் ஆல்டர் வரை அழைத்துப் போகவேண்டும். அன்று காலையிலிருந்து ஆட்களை வரவேற்றதிலேயே என் ஆயிரத்து ஐந்நூறு தீர்ந்துவிட்டது. இன்னும் ஐம்பத்தெட்டு அடி. கால் வலிக்கிறது என்று சொல்லி முன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன், என் மச்சான் சாமுவேல் அவளை அழைத்து வந்தான். வந்தவர்கள் எல்லாம் பாவம் என்று என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கால் வலிக்கவில்லை.

இவ்வளவு காப்பாற்றியும் டொக் என்கிறதே என்பதுதான் என் பயம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன், பயம் இரட்டிப்பானது. கிண்ணம் தேய்ந்து வரும் பிளாஸ்டிக் தூள் சும்மா கிடக்காதாம். அதை ஏதோ கிருமி என்று நினைத்து உடம்பு சண்டைக்குப் போகுமாம், அந்தச் சண்டையில் சுற்றியுள்ள எலும்பு கரையுமாம். அப்புறம் மறு ஆபரேஷன், அது முதலாவதைவிடப் பெரிது. ஐம்பத்து மூன்று வயதில் அதைத் தாங்குவேனா என்று மூன்று வாரம் தூங்கவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் அடியாக இன்னும் குறைத்தேன்.

இனி பயணம். வேலூருக்கு ரயிலில் போனால் காட்பாடியில் இறங்கி படிக்கட்டுப் பாலம் ஏறி இறங்கவேண்டும், ஆகவே எனக்கு பஸ்தான். காலை 5.30-க்கு வீட்டு வாசலுக்கு ஆட்டோ, வீட்டிலிருந்து ஆட்டோவுக்கு 22 அடி, பஸ் ஸ்டாண்டுக்கு 25 ரூபாய். திருப்பத்தூரிலிருந்து வரும் வேலூர் பஸ் 5.50-க்கு வந்தது. ஆட்டோவிலிருந்து பஸ்ஸுக்கு 31. எஸ்தரும் கூட வந்தாள், டிக்கெட் ஆளுக்குப் பதினெட்டு ரூபாய். பாதி பஸ்கள் வேலூர் புது பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிடும், ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பழசுக்குப் போகும் என்று கண்டக்டர் மூன்று தடவை சொன்ன பிறகும் நாலாவது தடவை கேட்டேன். "சார், நீ இன்னொரு வாட்டி கேட்டா நானே புது ஸ்டாண்டுல இறங்கிடுவேன்" என்றார். எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படிக்கட்டுப் பக்க சீட்டில், காலை நீட்டி உட்காருங்கள். ரொம்பத் தாழ்வான சீட்டில் இடுப்பு மடங்கும், அது ஆகாது. என் மடியில் 1999-ல் எடுத்த எக்ஸ்ரே கவர். பழைய எக்ஸ்ரேவைக் கண்டிப்பாகக் கொண்டுபோகவேண்டும், அது இல்லாமல் எதோடு ஒப்பிடுவார்கள்? மாதனூர் தாண்டியதும் ஒரு பெரியவர் அந்தக் கவர்மேல் வாழைத்தாரைச் சாய்த்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பள்ளிகொண்டாவில் ரோட்டு வேலை நடந்ததால் வண்டி குலுங்கித் தள்ளியது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் தூள் உதிர்வதாகவே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றேகால் மணி நேரத்தில், 7.05-க்கு பழைய பஸ் ஸ்டாண்டு.

அங்கிருந்து ஆஸ்பத்திரி கேட் கண்ணுக்கே தெரியும். எதிர்சாரிதான். ஆனாலும் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன், 40 அடி. ஆட்டோக்கார பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், அதோ தெரியுது பாரு கேட்டு. நடந்தா ரெண்டு நிமிஷம். இதுக்கு இருபது ரூபா கேக்க எனக்கே பேஜாரா இருக்கு." இடுப்பு ஆபரேஷன் ஆன ஆள் என்று சொன்னேன். எப்போ என்று கேட்டார். ஒன்பது வருஷம் ஆகிறது என்றதும் வண்டியைக் கிளப்பினார். ஒரு வழிப்பாதை என்பதால் சுற்றிப் போய் இறங்க எட்டு நிமிஷம் ஆனது.

கேட்டிலிருந்து பதிவு செய்யும் கவுண்டருக்கு 118. வீல்சேர் கேட்கலாமா என்று எஸ்தரைப் பார்த்தேன், அவள் முறைத்த முறையில் நடந்துவிட்டேன். கூட்டம் சொல்லி மாளாது. பாதிப் பேர் வங்காளத்திலிருந்து வந்தவர்கள், சுற்றியுள்ள லாட்ஜ், மெஸ் எல்லாவற்றிலும் அவர்கள் எழுத்தில்தான் போர்டு. பதிவு முடித்து எக்ஸ்ரே எடுக்க 96. அங்கிருந்து எலும்பு டாக்டர் அறை வாசலுக்கு 111. மொத்தம் 418. அப்போது மணி 10.40, எங்களைக் கூப்பிட்டது 2.40. பாத்ரூம் போய்வந்தால் தனியாக அறுபது அடி ஆகும் என்பதால் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான்கு மணி நேரம் ஒரே பெஞ்சில். புது எக்ஸ்ரே கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து வைத்தேன். பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதுகூட எனக்குத் தெரியாது. குண்டுக்கும் எலும்புக்கும் நடுவில் வெறும் கறுப்பாக இருந்ததைப் பார்த்து, கிண்ணமே கரைந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். எஸ்தரின் கையைப் பிடித்து, வங்கி லாக்கர் சாவி எங்கே இருக்கிறது என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவள் அழவில்லை. "மொதல்ல தண்ணி குடிங்க" என்றாள்.

டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். இரண்டு எக்ஸ்ரேக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வெளிச்சப் பெட்டியில் மாட்டி, ஒரு ஸ்கேலை வைத்து அளந்தார். கிண்ணம் தேய்ந்தால் குண்டு மேல்பக்கம் நகர்ந்திருக்கும், அதைத்தான் பார்க்கிறாராம். மறுபடி அளந்தார்.

"ரொம்பக் கம்மியாத்தான் தேஞ்சிருக்கு சார். எலும்பும் கரையல. ஒன்பது வருஷத்துக்கு இவ்ளோ நல்லா நான் பாத்ததில்ல. எவ்ளோ நடப்பீங்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது பெருமை தாங்கவில்லை. பாக்கெட்டிலிருந்து கவுண்டரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். வீட்டு வாசலிலிருந்து இந்த அறை வாசல் வரை 418 என்றேன். தினசரி அளவு, நாற்பது வருஷக் கணக்கு, எல்லாம் சொன்னேன். டாக்டர் கவுண்டரைப் பார்த்தார், எஸ்தரைப் பார்த்தார், அப்புறம் வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னார். இடது காலைத் தூக்கினேன். இடுப்பு அப்படியே இடது பக்கம் சரிந்தது, அவர் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன். பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, தொடையின் வெளிப்பக்கம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காலை மடக்கி நீட்டினார். டொக். சத்தம் உள்ளே இருக்கும் குண்டிலிருந்து வரவில்லையாம். வெளியே, எலும்பு மேட்டின்மீது ஒரு தசைநார் வழுக்கி விழுகிற சத்தமாம். சுற்றியிருக்கிற சதை வற்றிப்போனதால் வருவது.

"பிளாஸ்டிக்கு புதுசு மாதிரி இருக்கு சார். காலுதான் பழசாயிடுச்சு."

சோல் மெஷினைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆர்வமாகக் கேட்டார். ரப்பர் எதில் உரசுகிறது என்றார், எமரி என்றேன். தண்ணீர் ஊற்றுவீர்களா என்றார், உலர்ந்துதான் ஓட்டுவோம் என்றேன். அங்கேதான் தப்பு என்றார். மூட்டுக்குள் இருப்பது கண்ணாடி மாதிரி மெருகேற்றிய குண்டு. அதற்கும் கிண்ணத்துக்கும் நடுவில் உடம்பே ஒரு திரவத்தை ஊறவைக்கிறது. கால் அசையும்போது அது இடுக்கில் பரவி உரசலைக் குறைக்கிறது. நடந்தால் தேயும்தான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் நடப்பதற்காகத்தானே வைத்தது என்றார். நான் நேராக நிற்காமல் சாய்ந்து சாய்ந்து நடந்தால் பாரம் ஒரே பக்கம் விழும், அது இன்னும் கெடுதலாம். இப்போது புதிதாக வைப்பவர்களுக்குக் கதிர் பாய்ச்சி இறுக்கிய பிளாஸ்டிக் வந்திருக்கிறது, பழசைவிட ரொம்பக் குறைவாகத் தேயுமாம், பீங்கான் குண்டும் இருக்கிறதாம். எனக்கும் அதையே மாற்றிவிடுங்களேன் என்று கேட்டேன். நல்லா இருக்கிறதை யாராவது கழற்றுவார்களா என்று சிரித்தார். கடைசியாக, வருஷா வருஷம் செக்கப்புக்கு வரச் சொல்லியிருந்தோமே, ஐந்து வருஷமாக ஏன் வரவில்லை என்றார். வந்துபோனால் எண்ணூறு அடிக்கு மேல் ஆகும் என்று சொல்லாமல், கவுண்டரை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

பிசியோதெரபியில் அரை மணி நேரம் காலைத் தூக்க, பக்கவாட்டில் விரிக்க, ஒற்றைக் காலில் நிற்கக் கற்றுக்கொடுத்தார்கள். தினமும் பத்து நிமிஷம் நடையில் ஆரம்பித்து நாற்பதுக்குக் கொண்டுவரவேண்டும். வெளியே வந்தபோது மணி நாலு. பக்கத்து மெஸ்ஸில் இட்லி, காபி, இரண்டு பேருக்கு முப்பத்தாறு ரூபாய். பிறகு எஸ்தர், லாங் பஜாரில் புளியும் மிளகாயும் மொத்த விலையில் வாங்கவேண்டும், நீங்கள் இங்கேயே உட்காருங்கள் என்றாள். ஒன்பது வருஷமாக இப்படித்தான், அவள் போவாள், நான் உட்காருவேன். நானும் வருகிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே கவரை என் ஒரு கையிலும் பையை இன்னொரு கையிலும் கொடுத்தாள்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு கைவண்டி என் இடுப்பை உரசிக்கொண்டு போனது, ஸ்கூட்டர்காரன் ஹாரனை அழுத்தி அழுத்தி உயிரை எடுத்தான். ஐந்து நிமிஷத்தில் தொடை நடுங்க ஆரம்பித்தது. இரண்டு கடை வாசலில் உட்கார்ந்தேன். அடி வைக்கும்போதெல்லாம் கட்டைவிரல் தானாக அசைந்தது, ஆனால் இரண்டு கையிலும் சாமான். கோட்டைப் பக்கம் வந்ததும் எஸ்தர் வேகத்தைக் குறைத்தாள். அவள் இவ்வளவு வேகமாக நடக்கிறவள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. என்கூட நடக்கறது உங்களுக்குப் பிடிக்கலையோன்னு நினைச்சுட்டு இருந்தேன் என்றாள். நான் இன்னும் கொஞ்சம் ஒட்டி நடந்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஏழு மணிக்குள் போய்விடுங்கள், நாள் முழுக்க ஆகும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் காகிதம் இரண்டும் வேண்டும். எக்ஸ்ரேவை நீங்களே வெளிச்சத்தில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். தண்ணீர் குடியுங்கள். வலி இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை போங்கள், தேய்மானம் வலிக்காமலே வரும். எவ்வளவு நடக்கலாம் என்பதை டாக்டரிடம் கேளுங்கள், உங்கள் தொழிலிடம் கேட்காதீர்கள். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வேண்டாம்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஏழரைக்கு வீடு வந்து சேர்ந்ததும் பெங்களூரில் இருக்கும் ஜெனிக்குப் போன் போட்டேன். ரிப்போர்ட் நல்லபடி வந்திருக்கிறது என்றேன். ஸ்தோத்திரம் என்றாள். அப்புறம் சொல்லிவிட்டேன். உன் கல்யாணத்தன்று எனக்குக் கால் வலிக்கவில்லை, ஐம்பத்தெட்டு அடிதான், நடந்திருக்கலாம், என்னை மன்னித்துவிடு என்றேன்.

"தெரியும்ப்பா," என்றாள். "வாசல்லேர்ந்து நான் வெச்ச ஒவ்வொரு அடிக்கும் நீங்க பெஞ்சுல உக்காந்து கவுண்டரை அழுத்திட்டு இருந்தீங்க. உங்க கட்டைவிரலைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். வலிக்கிற ஆளு அப்படி எண்ண மாட்டாங்க."

ஏம்மா இத்தனை நாள் கேட்கவில்லை என்றேன். கேட்டால் நீங்க உண்மையைச் சொல்லிடுவீங்களே, அதான் என்றாள். அழுதுவிட்டேன். அவளும் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், சர்ச்சுக்கு என்னோடு நடந்து வாருங்கள் என்றாள். பிறகு, அந்தக் கவுண்டர் இப்போது எங்கே இருக்கிறது, எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டாள்.

பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பார்த்தேன். டாக்டர் அறை வாசலில் நின்ற அதே 418. "அதுக்கப்புறம் எண்ணலம்மா," என்றேன். "லாங் பஜார் பூரா உங்க அம்மாகூட நடந்தேன். எத்தனை அடின்னு தெரியல."